நிலமா, செல்வாக்கா? கோ ஆட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு

கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து இடம் பிடிக்கும் கோ ஆட்டத்தில் கொஞ்சம் கை பழகியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: ஓரத்தில் நிலம் பிடிப்பதா, நடுவைப் பார்த்துச் சுவர் எழுப்புவதா? அப்படி வந்தவற்றை மட்டும் இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். பல வருடம் நான் மல்லுக்கட்டிய விஷயம் இது. அதனால் சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விதிகள் தெரியும், 30 ஆட்டம் ஆடியிருப்பேன். நிலம் புரிகிறது. செல்வாக்கு என்றால் என்ன? கண்ணுக்கே தெரியவில்லையே.

எதிராளி உள்ளே கல் வைத்தால் அது சாகும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிற காலிப் புள்ளிகள்தான் நிலம். இன்னும் யாருக்கும் சொந்தமாகாத இடத்தில் உங்கள் கற்கள் காட்டும் பலம்தான் செல்வாக்கு. அங்கே நாளைக்குச் சண்டை வந்தால் யார் கை ஓங்கும் என்பதை அது இன்றைக்கே முடிவு செய்துவிடுகிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஏணியைப் பாருங்கள். எதிராளியின் ஒற்றைக் கல்லை அடாரி (அடுத்த கல்லில் பிடித்துவிடுவேன் என்ற மிரட்டல்), மறுபடி அடாரி என்று குறுக்காக விரட்டிக்கொண்டு போகிறீர்கள். பத்துக் கோடு தள்ளி, அந்தப் பாதையில் அவருடைய கல் ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தால் ஏணி முறிந்துவிடும். அந்தக் கல் ஒரு புள்ளி நிலம்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் எதிர் மூலையில் நடந்த சண்டையை ஜெயித்துக் கொடுத்தது அதுதான்.

கேள்வி: ஓரத்திலிருந்து எண்ணி மூன்றாம் கோடு நிலத்துக்கு, நான்காம் கோடு செல்வாக்குக்கு என்கிறார்கள். ஒரே ஒரு கோடு தள்ளி வைப்பதில் அப்படி என்ன வித்தியாசம்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. 19க்கு 19 பலகையில் 361 புள்ளிகள். வெள்ளை மூன்றாம் கோடு நெடுகச் சுற்றி வைத்தால் 56 கற்கள் செலவு. ஓரத்தில் கிடைப்பது 136 புள்ளி. கறுப்பு அதை ஒட்டி உள்பக்கமாக நான்காம் கோட்டில் சுற்றி வைத்தால் 48 கற்கள். நடுவில் கிடைப்பது 121 புள்ளி. ஓரத்துக்கு 15 புள்ளி அதிகம், சரி. ஆனால் கறுப்பு 8 கற்களை மிச்சம் பிடித்திருக்கிறது. கல்லுக்கு எவ்வளவு என்று வகுத்தால் ஓரத்துக்கு 2.43, நடுவுக்கு 2.52. கிட்டத்தட்ட சரிசமம்!

இதையே ஒரு கோடு உள்ளே தள்ளுங்கள். நான்காம் கோட்டுக்காரருக்கு ஓரத்தில் 192 புள்ளி, ஐந்தாம் கோட்டுக்காரருக்கு நடுவில் வெறும் 81. தராசு ஒரேயடியாகச் சாய்ந்துவிடுகிறது. யாரும் இப்படிப் பலகையைச் சுற்றி ஆடப் போவதில்லை. ஆனாலும் மூன்றும் நான்கும் இப்படிச் சமமாக நிற்பதால்தான் ‘நிலமா செல்வாக்கா’ என்ற கேள்விக்கு முடிவே வருவதில்லை.

கேள்வி: என் தரம் 11 க்யூ. பெரிய பெரிய சுவராகக் கட்டுகிறேன், நடுவில் பிரமாதமாக இருக்கிறது. கடைசியில் எண்ணினால் 10, 15 புள்ளியில் தோற்கிறேன். என்ன தப்பு, சார்?

சுவரை வேலியாக நினைக்கிறீர்கள். எழுதியவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. எனக்கும் மூன்று வருடம் இதுதான் பிரச்சினை.

என் பழைய ஆட்டம் ஒன்று இன்னும் மனசில் இருக்கிறது. வலது கீழ் மூலையை எதிராளி எடுத்துக்கொண்டார். அவருக்குச் சுமார் 10 புள்ளி. பதிலுக்கு எனக்கு இடப்பக்கம் பார்த்து ஆறு கல் சுவர், ஓட்டையே இல்லாதது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் கீழ் ஓரத்தின் நடுவில் தனியாக ஒரு கல்லை வைத்தார். சுவருக்கு முன்னால் இருக்கும் இடம் என்னுடையது என்ற எண்ணத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவருக்கும் அந்தக் கல்லுக்கும் இடையில் ஒரு கல்லை வைத்து அடைத்தேன். அவர் இடப்பக்கமாக இரண்டு கட்டம் நீட்டி நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கிடைத்தது ஏழெட்டுப் புள்ளி. ஏழு கற்களைப் போட்டு ஏழெட்டுப் புள்ளி!

அந்தக் கல்லை இடப்பக்கத்திலிருந்து நெருக்கியிருக்க வேண்டும். அப்போது அது என் சுவரைப் பார்த்துத்தான் நகர முடியும். கண் (பிடிபடாமல் பிழைக்கக் கூட்டத்துக்குள் வேண்டிய காலி இடம்) போட இடமில்லாமல் நடுவைப் பார்த்து ஓட வேண்டியிருக்கும். அது ஓட ஓட, விரட்டும் என் கற்கள் இடது கீழ் மூலையில் தானாகவே நிலம் சேர்த்துக்கொடுக்கும். அதாவது சுவர் இருப்பது வலப்பக்கம், நிலம் விளைவது இடப்பக்கம். எதிராளியைச் சுவரின் பக்கம் தள்ளிக்கொண்டு, விரட்டுகிற பக்கத்தில் சம்பாதிக்க வேண்டும். ஜப்பானியர்கள் அட்ஸுமி என்று சொல்லும் ‘கனம்’ இதற்குத்தான். கனமான கற்களைக் கொண்டு நேரடியாக நிலம் கட்டாதே என்று பழைய வாக்கே இருக்கிறது.

உங்கள் தோற்ற ஆட்டங்களில் நாலைந்தை எடுத்து இதை மட்டும் பாருங்கள்: எதிராளி உங்கள் சுவருக்கு முன்னால் வந்தபோது எந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினீர்கள்?

கேள்வி: சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது?

ஒற்றைக் கல் என்றால் இரண்டு கட்டம் விட்டு, இரண்டு கல் உயரம் என்றால் மூன்று, மூன்று கல் உயரம் என்றால் நான்கு. இது நடுவே எதிராளி இறங்கினால் தாங்கும் தூரம். பெரிய சுவராக இருந்தால் இன்னும் தள்ளிப் போகலாம். ஆனால் அங்கே உங்கள் ஆசை வேறாக இருக்க வேண்டும். எதிராளி நடுவில் இறங்கட்டும், அடிக்கலாம் என்றிருக்க வேண்டும். சுவருக்குப் பக்கத்திலேயே கல் வைப்பதுதான் பெரிய வீண் செலவு.

கேள்வி: எனக்கு நிலம்தான் பிடிக்கும். கையில் இருப்பதுதானே காசு? இதில் ஏதாவது ஆபத்து உண்டா?

நல்ல பாணிதான். முதலில் நிலத்தைச் சுருட்டிக்கொண்டு, எதிராளியின் பெரிய நடுவில் கடைசியில் இறங்கிப் பிழைப்பதற்கு அமாஷி என்று தனிப் பெயரே உண்டு. ஆனால் எந்தக் கோட்டில் ஊர்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கோட்டில் நகர்ந்தால் கல்லுக்கு ஒரு புள்ளி, மூன்றாம் கோட்டில் இரண்டு, நான்காம் கோட்டில் மூன்று. இரண்டாம் கோட்டில் நீங்கள் ஒரு புள்ளிக்காக ஊரும் ஒவ்வொரு தடவையும் மேலே எதிராளியின் சுவர் ஒரு கல் நீள்கிறது. உயிர் போகிற அவசரம் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். அப்படி ஊர்ந்தாலும் ஓரத்தின் நடுவில் இரண்டாம் கோட்டில் ஆறு கல் வரிசை சாகும், எட்டு பிழைக்கும், ஏழு என்றால் யார் முறை என்பதைப் பொறுத்தது. இதை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இன்னொன்று. நிலம் பிடிப்பவர் பலகையில் பலவீனமான கூட்டம் எதையும் விட்டுவைக்கக் கூடாது. ஒன்று இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு இருந்தால் எதிராளியின் சுவர் ஒரே கல்லில் இரண்டையும் அடிக்கும்.

கேள்வி: இப்போது எல்லோரும் ஆரம்பத்திலேயே மூலையின் 3-3 புள்ளியில் (இரண்டு ஓரத்திலிருந்தும் மூன்றாம் கோடு) இறங்குகிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு செல்வாக்கு செத்துப்போய்விட்டதா?

இல்லவே இல்லை. நான் கற்றுக்கொண்ட காலத்தில், மூலையின் நட்சத்திரப் புள்ளியில் (4-4) எதிராளியின் கல் இருக்க, தொடக்கத்திலேயே மூலைக்குள் நுழைந்தால் திட்டு விழும். ஏதோ பத்துப் புள்ளிக்காக எதிராளிக்கு வைரம் போலச் சுவரைக் கட்டிக்கொடுக்கிறாயே என்பார்கள். 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் ஆல்ஃபாகோ என்ற கோ ஆடும் கணினி நிரலின் மாஸ்டர் வடிவம் இணையத்தில் 60 ஆட்டம் ஆடி அத்தனையிலும் ஜெயித்தது. அவற்றில் இந்த நுழைவும் இருந்தது. பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்களே கையில் எடுத்தார்கள்.

நுட்பம் எங்கே என்றால், பழைய ஜோசெகியில் (மூலைக்கென்று வழக்கமாக ஆடும் கல் வரிசை) உள்ளே போனவர் இரண்டாம் கோட்டில் வளைந்து இணைக்கும் பரிமாற்றத்தையும் சேர்த்து ஆடிவிடுவார். அதனால் வெளிச்சுவரின் ஓட்டையெல்லாம் அடைந்துபோகும். இப்போது அதை ஆடாமல் விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போகிறார்கள். சுவரில் வெட்டக்கூடிய இடங்கள் அப்படியே இருக்கின்றன. ஆக, இயந்திரம் செல்வாக்கை மதிக்காமல் இல்லை. நாம் கனம் என்று நம்பியது அவ்வளவு கனமில்லை என்று காட்டியிருக்கிறது.

உங்கள் மூலையில் யாராவது இப்படி நுழைந்தால் பதற வேண்டாம். எந்தப் பக்கம் அடைப்பது என்பதில்தான் நிதானம் வேண்டும். எந்த ஓரத்தில் உங்கள் துணைக்கல் இருக்கிறதோ, எது அகலமாகத் திறந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் அடையுங்கள். வெறும் இடத்தைப் பார்க்கும் சுவரால் பிரயோஜனமில்லை.

கேள்வி: யாருடைய ஆட்டங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

செல்வாக்குக்குத் தகேமியா மசாகி. வேறு யோசனையே வேண்டாம். ஒரு பக்கத்தின் மூன்று நட்சத்திரப் புள்ளிகளையும் பிடிக்கும் சான்ரென்செய்யில் தொடங்கி நடுவை நோக்கி விரிவார். அவர் பாணிக்குப் ‘பிரபஞ்ச பாணி’ என்றே பெயர். ஹோனின்போ பட்டம் ஆறு முறை, அதில் 1985 முதல் 1988 வரை தொடர்ந்து நான்கு. முதல் இரண்டு ஃபுஜிட்சு உலகக் கோப்பைகளும் (1988, 1989) அவருக்குத்தான். நடுவில் நிலம் கட்டினார் என்று மேலோட்டமாகச் சொல்வார்கள். நிதானமாகக் கல் கல்லாக வைத்துப் பாருங்கள்: எதிராளி உள்ளே இறங்கியே ஆக வேண்டிய நிலையை உண்டாக்கி, இறங்கியவரை விரட்டித்தான் சம்பாதிக்கிறார்.

நிலத்துக்குக் கோபயாஷி கோய்ச்சி. 1986 முதல் 1993 வரை எட்டு வருடம் தொடர்ந்து கிசெய் பட்டம். அலங்காரமில்லாத ஆட்டம், ஆனால் எண்ணிப் பார்த்தால் எப்போதும் முன்னால் இருப்பார். சோ சிகுன் அமாஷிக்கு அரசர்: நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, இனி பிழைக்கவே முடியாது என்று தோன்றும் இடத்தில் இறங்கிப் பிழைப்பார். 1983இல் கிசெய், மெய்ஜின், ஹோனின்போ மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தவர்.

எனக்கு இதில் சிலிர்ப்பான விஷயம், இந்த மூவரும் கிதானி மினோருவின் மாணவர்கள். ஒரே வீட்டில் வளர்ந்து மூன்று திசையில் போனவர்கள். அந்தக் கிதானிதான் 1933இல் கோ செய்கெனோடு சேர்ந்து ஷின் ஃபுசேகி என்ற புதுத் தொடக்கத்தைக் கொண்டுவந்தவர், மூலையைவிட நடுவுக்கு மதிப்பு தந்தவர். பிற்காலத்தில் அவரே தாழ்வாக வைத்து நிலம் பிடிக்கும் ஆட்டத்துக்கு மாறினார். அதே 1933 அக்டோபரில் 19 வயது கோ செய்கென், ஹோனின்போ ஷூசாய்க்கு எதிராக 3-3, எதிர் மூலையில் நட்சத்திரம், பலகையின் நட்டநடுப் புள்ளி என்று முதல் மூன்று கற்களை வைத்தார். ஷூசாய் 2 புள்ளியில் ஜெயித்தார். ஆனால் அந்த மூன்று கற்களைப் பார்த்தவர்கள் அதன் பிறகு பலகையைப் பழைய மாதிரி பார்க்கவில்லை.

கேள்வி: எதிராளியின் மோயோ (இன்னும் உறுதியாகாத பெரிய நிலப்பரப்பு) ஊதிக்கொண்டே போகிறது. உள்ளே இறங்குவதா, மேலிருந்து குறைப்பதா?

முதலில் எண்ணுங்கள். அவருக்கு அது மொத்தமும் கிடைத்தாலும் நீங்கள் முன்னால் என்றால் எதற்கு உள்ளே போக வேண்டும்? பின்தங்கியிருந்தால், மோயோவின் இரண்டு முனைக் கற்களையும் மனசால் ஒரு கோடு போட்டு இணையுங்கள். அந்தக் கோட்டின் மேல் வைக்கும் கல் பெரும்பாலும் தப்பித்துவிடும். கோட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒவ்வொரு படிக்கும் உயிரைப் பணயம் வைக்கிறீர்கள்.

குறைப்பதற்கு நல்ல கருவி தோள் அடி: மூன்றாம் கோட்டுக் கல்லுக்குக் குறுக்காக மேலே, நான்காம் கோட்டில் வைப்பது. அவருக்கு ஓரத்தில் கொஞ்சம் கொடுத்துவிட்டு நடுவை அழித்துவிடும். 2016 மார்ச்சில் லீ செடோலுக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் ஆல்ஃபாகோவின் 37ஆம் கல் இதே தோள் அடிதான், ஆனால் ஐந்தாம் கோட்டில். மேலே நான் போட்ட கணக்கின்படி நான்காம் கோட்டில் நிலம் கொடுப்பது நஷ்டம். அந்த இடத்தில், சுற்றியிருந்த மற்றக் கற்களோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்த நஷ்டத்தைவிட நடுவின் பலம் பெரிதாக இருந்தது. கோட்டு எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: 9க்கு 9 பலகையில் இதையெல்லாம் பழகலாமா?

முடியாது. ஐந்தாம் கோடே நடு. சுவர் பார்ப்பதற்கு அங்கே தூரம் இல்லை. 13க்கு 13 பரவாயில்லை.

கேள்வி: கடாகோ என்ற கோ நிரலில் போட்டுப் பார்த்தால் நான் 4 புள்ளி முன்னால் என்கிறது. எண்ணினால் நான் 12 புள்ளி பின்னால். மீதி 16 புள்ளி எங்கே இருக்கிறது?

எதிராளியின் பலவீனமான கூட்டங்களில் இருக்கிறது. கடாகோ புள்ளிக்குப் புள்ளி யாருக்குச் சேரும் என்று நிறம் காட்டும், அதைத் திறந்து பாருங்கள். உங்கள் சுவருக்கு முன்னால் லேசாகத்தான் உங்கள் நிறம் இருக்கும். எதிராளியின் ஏதோ ஒரு கூட்டத்தைச் சுற்றியும் நிறம் மங்கலாக இருக்கும். அதை நீங்கள் அடிக்கப்போகும் அடியில்தான் அந்த 16 புள்ளி. நீங்கள் அடிக்காமல் வேறெங்கோ வைத்து, அவர் ஒரு கல்லில் அதைப் பலப்படுத்திக்கொண்டார் என்றால் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ஆட்டத்தின் நடுவில் இயந்திரம் இல்லாமல் மதிப்பிட நான் செய்வது இது: இருவரின் உறுதியான நிலத்தை மட்டும் எண்ணுவேன், இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்கு ஈடாகத் தரும் கோமியைச் சேர்ப்பேன் (ஜப்பான் விதியில் 6.5, சீன விதியில் 7.5). பிறகு கண்ணில்லாத கூட்டம் யாருக்கு எத்தனை என்று பார்ப்பேன். எதிராளிக்கு ஒன்றுகூட இல்லையென்றால் என் சுவருக்கு மதிப்பு மிகவும் குறைவு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கேள்வி: அண்ணா, எனக்கு 4 கல் சலுகையாக முதலிலேயே வைக்கக் கொடுத்து ஆடுகிறார் ஒருவர். முதல் 30 கல் வரை நன்றாக இருக்கிறது, அப்புறம் எப்படியோ கரைந்துவிடுகிறது. மூலைகளைக் காப்பாற்றவே நேரம் சரியாக இருக்கிறது.

தம்பி, அந்த நாலு கல்லும் நட்சத்திரப் புள்ளியில் இருக்கின்றன. அவை மூலையைப் பூட்ட வைத்த கற்கள் இல்லை, 3-3 எப்போதும் திறந்தேதான் கிடக்கும். அவர் நுழைந்தால் கொடுத்துவிட்டு வெளியே சுவர் எடுத்துக்கொள். அவர் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்துவிட்டு ஓடும் கற்களைக் கவனி. அவருக்கு இடம் குறைவு, அதனால் மெலிவாகத்தான் ஆட முடியும். அவற்றில் இரண்டைப் பிரித்துவைத்து, ஒன்றை இன்னொன்றின் பக்கம் விரட்டு. கொல்ல வேண்டாம், விரட்டினால் போதும். அடுத்த ஆட்டத்தில் இதை மட்டும் முயற்சி செய்துவிட்டு ஆட்டப் பதிவை எனக்கு அனுப்பு. 50ஆம் கல் வரை உட்கார்ந்து பார்க்கிறேன்.