மஞ்சள் விளக்கு மின்னினால் மலை ஏறாதீர்கள்

கேள்வி: எங்களுடையது 2017 மாடல் பெட்ரோல் கார். போன மாதம் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி என்னவோ நன்றாகத்தான் ஓடியது. தெரிந்த மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார், அணைந்துவிட்டது. நாலே நாளில் திரும்ப வந்தது. போன ஞாயிறு சிறுமலை ஏறும்போது அதே விளக்கு விட்டு விட்டு மின்னியது, வண்டியும் இழுக்காமல் உதறியது. இறங்கி வந்தபின் மின்னவில்லை, சும்மா எரிகிறது. அடுத்த வாரம் அப்பாவை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இதிலேயே போகலாமா?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: இப்போது இருக்கிற நிலையில் போகாதீர்கள். இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, அதற்குள் வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்த கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் கருவி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். சரியானால் இதிலேயே போகலாம், இல்லையென்றால் அன்றைக்கு ஒரு வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வண்டி நின்றால் அப்பாதான் வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த விளக்கு எரிவது வேறு, மின்னுவது வேறு. இது பல பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் பெரிய செலவு வருவதே இங்கேதான். நிலையாக எரிந்து வண்டியும் வழக்கம்போல ஓடினால், அவசரப்படாமல் ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். மின்னுகிறது என்றால் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குள் போகிறது. போனது சும்மா இருக்காது, அங்கே புகையைச் சுத்தம் செய்வதற்காக இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும், அந்தச் சூட்டில் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் பாகம் உருகிவிடும். சில நூறு ரூபாய் ஸ்பார்க் பிளக்கில் முடிய வேண்டியது பல ஆயிரத்துக்குப் போவது இப்படித்தான்.

மலையில் மட்டும் ஏன் மின்னியது? ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அப்போது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்துபோன பிளக்கோ அதற்கு வோல்டேஜ் கொடுக்கும், பலம் குறைந்த இக்னிஷன் காயிலோ சமதளத்தில் எப்படியோ சமாளித்துவிட்டு, ஏற்றத்தில் கைவிட்டுவிடும். உங்கள் வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் இவை இரண்டின் மேல்தான். இனி எப்போது மின்னினாலும் உடனே காலைத் தளர்த்துங்கள், ஏசியை அணையுங்கள், இடம் பார்த்து ஓரமாக நிறுத்துங்கள்.

அப்புறம் அந்தப் பேட்டரி விஷயம். கோளாறு வந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் என்ன கோளாறு என்பதற்கான ஒரு கோடு (code) நம்பரையும், அந்த நேரத்தில் வண்டி என்ன வேகம், இன்ஜின் எவ்வளவு சூடு என்பதையும் குறித்து வைக்கும். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் அத்தனையும் அழிந்துவிடும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். இனிமேல் யாரையும் அழிக்க விடாதீர்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும், அதில் ஸ்கேனரைச் செருகி முதலில் கோடு என்ன என்று படிக்கச் சொல்லுங்கள், நீங்களும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பி 0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், 0302 என்றால் இரண்டாவது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியாக இருந்தால், முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடும் கூடவே 0302க்கு மாறினால் காயில்தான் போயிருக்கிறது. பொருள் எதுவும் வாங்காமலே தெரிந்துவிடும். கோடு என்பது எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லும் சீட்டு இல்லை, எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்லும். ஆக்சிஜன் சென்சார் என்று கோடு வந்து, கடைசியில் எலி கடித்த ஒயராக இருப்பது நம் ஊரில் சகஜம். எதை மாற்றுவதற்கு முன்னாலும் ஒயரைப் பாருங்கள்.

இன்னொன்று, ஆயில் கேன் படமோ டெம்பரேச்சர் படமோ சிவப்பில் எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள், அங்கேயே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறேன். ஸ்டார்ட் செய்யும்போதுகூட இன்ஜின் விளக்கு எரியவே இல்லை. நல்லதுதானே?
(ஒரு வாசகர், கரூர்)

பதில்: நல்லதில்லை. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், யாராவது வேண்டுமென்றே எடுத்தும் இருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். கோடு எதுவும் இல்லை, ஆனால் வண்டியின் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் உள்சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டினால், சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும். அப்படியானால் நாலைந்து நாள் ஓட்டியபின் இன்னொரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்குச் சம்மதித்தால் மட்டும் அட்வான்ஸ் பற்றிப் பேசுங்கள்.