புதிய ராப் வீடியோக்களில் பழைய ஹிப்-ஹாப் காலத்து ஏக்கம் இவ்வளவு தெரிவது ஏன்?

புதிதாக யோசிக்க ஆளில்லை என்பதுதான் காரணம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹிப்-ஹாப் பிறந்ததே பழைய இசைத்தட்டிலிருந்துதான். 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க், ஃபங்க் பாடல்களில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சின்னத் துண்டை எடுத்து, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீளச் செய்தார். பழைய பாட்டின் ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் சேர்க்கும் சாம்பிளிங் அதன் தொடர்ச்சி. அன்று காதுக்குச் செய்ததை இன்று கண்ணுக்கும் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'ஸ்குவாபிள் அப்' வீடியோ 2024 நவம்பரில் வந்தது. கால்மேட்டிக் இயக்கியது. ஒரே அறை, ஒவ்வொரு வெட்டிலும் ஆட்களும் பொருட்களும் மாறிக்கொண்டே இருக்கும். முதல் தடவை ரசித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அப்புறம் தி ரூட்ஸ் என்ற ஹிப்-ஹாப் குழுவின் 'தி நெக்ஸ்ட் மூவ்மென்ட்' வீடியோவைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. 1999-ல் வந்த அதிலும் இதே மாதிரி ஒற்றை அறை! 'ஸ்குவாபிள் அப்' பாட்டுக்குள்ளும் 1983-ல் வந்த, பாடகி டெபி டெப்பின் பாடல் ஒன்றின் சாம்பிள் இருக்கிறது. அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பத்தின் பெயரான 'ஜிஎன்எக்ஸ்', 1987-ல் வெறும் 547 மட்டுமே தயாரான ப்யூக் கார். கென்ட்ரிக் பிறந்த வருடமும் அதுதான். எதுவும் சும்மா வைத்ததில்லை.

ஆனால் எல்லாருடையதும் இப்படி இல்லை. கேசட் காலத்துப் புள்ளிகளையும் சதுரமான பழைய டிவி சட்டத்தையும் எடிட்டிங்கில் ஒட்டிவிட்டு, பெரிய சட்டையும் தங்கச் சங்கிலியும் மாட்டினால் தொண்ணூறுகள் வந்துவிடாது. 1997-ல் ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் 'தி ரெயின்' வீடியோவில் இயக்குநர் ஹைப் வில்லியம்ஸ், காற்றடைத்த கறுப்பு உடையில் அவரை நிறுத்தி, எல்லாம் உப்பித் தெரியும் ஃபிஷ்ஐ லென்ஸில் எடுத்தார். இன்றைக்குப் பார்த்தாலும் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தது போல இருக்கிறது. அதே லென்ஸை வெறும் பழைய வாசனைக்காக மாட்டும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 2015-ல் வந்த கென்ட்ரிக்கின் 'கிங் குண்டா' வீடியோ. ராப் பாடகர்கள் டூபாக்கும் டாக்டர் ட்ரேயும் 'கலிபோர்னியா லவ்' பாட்டுக்காக, கென்ட்ரிக்கின் சொந்த ஊரான காம்ப்டனில் உள்ள ஸ்வாப் மீட் சந்தையில் படம் எடுத்தபோது, கென்ட்ரிக்குக்கு எட்டு வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததை அவரே சொல்லியிருக்கிறார். சுமார் இருபது வருடம் கழித்து 'கிங் குண்டா'வை எடுக்க அவர் போனது அதே சந்தைக்குத்தான். முடிந்தால் இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தோளில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன், தன் ஊர்க்காரர்களோடு அங்கேயே ஆடிக்கொண்டிருப்பான்.