சைக்கிளோடு வந்திறங்கிய தங்கைக்கு

தெற்கு ஸ்பெயினின் மாலகாவுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, கோயம்புத்தூரில் வார இறுதிகளில் ரேஸ் சைக்கிள் ஓட்டிய பழக்கம் உண்டு, இங்கே கடற்கரையை விட்டு உள்ளே இருக்கும் கிராமங்கள் வழியாகத் தனியாக ஓட்டலாமா, ஸ்பானிஷ் வராது, சைவம் வேறு என்று கேட்டிருந்தாய். கடைசியில் ஒரு சின்னக் கேள்வி: காபி குடிக்க இறங்கினால் சைக்கிளை எப்படிப் பூட்டுவது? அக்கா என்று அழைத்துவிட்டாய், நானும் நீ என்றே எழுதுகிறேன்.

ஓட்டலாம். நான் உனக்கு வடக்கே, மலைக்கு அப்பால் அந்தெகேராவில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன், பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுகிறேன். சாலை, மொழி, சாப்பாடு எல்லாவற்றையும் கேட்ட நீ நேரத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. இங்கே என்னைக் கவிழ்த்தது அதுதான்.

முதல் ஆண்டு ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைத்து வைத்துவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பினேன். அந்தெகேராவுக்கு மேற்கே சமவெளி, கோதுமை அறுத்த தாள், சூரியகாந்தி, மறுபடியும் தாள். மரமே இல்லை. பன்னிரண்டு மணி உச்சி வெயிலைத் தாண்டிவிட்டால் தணிந்துவிடும் என்று நம் ஊர்க் கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. 1940-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது, அது இன்றுவரை திரும்பவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடுகிறது. ஆக ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டரை மணி வாக்கில். வெயில் மிகக் கொடூரமாக இருப்பது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. மூன்று மணிக்கு ஒரு சிற்றூருக்குள் நுழைந்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. கடை அடைப்பு, பார் அடைப்பு, ஜன்னல்களுக்கெல்லாம் மரச்சட்டத் திரை இறக்கியிருந்தது. சதுக்கத்து நீரூற்றில் சொட்டு இல்லை. நிழலில் உட்கார்ந்தவளுக்குக் கை நடுங்கியது. எதிர்வீட்டுத் திரை ஒரு சாண் உயர்ந்தது, ஒரு பாட்டி வெளியே வந்தார், கையில் தண்ணீர்ப் பாட்டில். கொடுத்துவிட்டு அரை மணி நேரம் திட்டினார். ஒரு சொல்லும் புரியவில்லை. எங்கள் பாட்டி திட்டுவதற்கும் அதற்கும் ராகத்தில் கூட வித்தியாசம் இல்லை.

அதனால் முதலில் நாட்காட்டி. ஜூன் பாதி முதல் செப்டம்பர் பாதி வரை, விடிந்ததும் ஏறி, பதினோரு மணிக்குள் இறங்கிவிடு. முடியாதென்றால் வேண்டாம். வடக்கே கோர்தோபா மாவட்டத்து லா ராம்ப்லாவில் 2021 ஆகஸ்டு 14 அன்று 47.6 டிகிரி பதிவானது. அது உன் வீட்டிலிருந்து கண்டம் தாண்டிய ஊர் இல்லை. மாலகாவிலேயே ‘தெரால்’ என்று ஒரு காற்று வரும், மலையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் உலர்ந்த அனல். அன்றைக்குச் சைக்கிளைத் தொடாதே. குளிர்காலத்தில் தொல்லை நேர்மாறானது: ஜனவரியில் எட்டரை மணி வாக்கில்தான் விடியும், அதற்கு முன் கிளம்பினால் இருட்டில் ஓட்டுவாய். மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரும் இந்த நாட்டைச் சைக்கிளுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும். ஏப்ரலில் கோதுமைப் பச்சைக்கு நடுவே சிவப்புப் பாப்பிப் பூ.

சாலை விதிகள் நீ நினைப்பதைவிட நம் பக்கம் இருக்கின்றன. உன்னைக் கடக்கும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும், அதற்காக நடுக்கோட்டைத் தாண்டவும் அனுமதி உண்டு. இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம், இருட்டினால் விளக்கும் ஒளிரும் மேலாடையும் கட்டாயம், காதில் பாட்டுக் கருவி கூடாது. பெரும்பாலான ஓட்டுநர்கள் உன் பின்னால் பொறுமையாக ஊர்ந்து வருவார்கள், முதல் சில வாரம் அதுவே உன்னைப் பதற வைக்கும், ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று. செய்யவில்லை. விதிவிலக்குகள் உண்டு. என்னை ஒருமுறை ஒரு வேன் உரசிப் போனது. ஆனால் அது கடற்கரைப் பக்கம், சுற்றுலா நெரிசலில் நடந்தது. உள்ளூர்ச் சாலையில் எனக்குப் பயம் தருவது கார் இல்லை, ஆலிவ் அறுவடை. நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை டிராக்டர் டிரெய்லர்களில் காய் கொண்டுபோவார்கள். சிந்திய காயும் தோப்புச் சேறும் வளைவில் நசுங்கிக் கிடக்கும், எண்ணெய் பூசிய தரைதான். மழை தூறினால் இறக்கத்தில் நடந்து போ, வெட்கப்படாதே. அதே மாதங்களில் ஞாயிறு காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் கலவரம் என்று நினைக்காதே, வேட்டைக்காரர்கள். கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னத் தகரப் பலகை தெரிந்தால் அது வேட்டை நிலம், காபி குடிக்க மரத்தடி தேடி உள்ளே நுழையாதே.

முதல் ஓட்டத்துக்கு நான் சொல்லும் வழி: புறநகர் ரயிலில் சி-2 தடத்தில் ஏறு, சைக்கிளை அப்படியே ஏற்றலாம், கடைசி நிலையம் ஆலோரா. வார இறுதியில் வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள். குவாதலோர்சே ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்க எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்பு. ஏப்ரலில் போனால் பூவாசம் ரயில் பெட்டிக்குள்ளேயே வரும். அந்தப் பூவுக்கு இவர்கள் வைத்த பெயர் ‘அசஹார்’, அரபுச் சொல். எண்ணெய்க்கு ‘அசெய்தே’, செக்குக்கு ‘அல்மசாரா’, வாய்க்காலுக்கு ‘அசேக்கியா’, எல்லாம் அரபு. ஆட்சி மாறி ஐந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் தோட்ட வேலைக்கு அந்தப் பேச்சுதான் ஓடுகிறது. ஆலோராவின் ஆலிவ் தனி ரகம், எண்ணெய்க்கு அல்ல, ஊறுகாய்க்கு. பச்சைக் காயைத் தட்டிப் பிளந்து உப்புநீரில் போட்டு, பூண்டு, பெருஞ்சீரகத் தண்டு, தைம் இலை சேர்ப்பார்கள். மாவடு ஏக்கம் பிடிக்கும்போதெல்லாம் நான் அதில் ஒரு பாட்டில் வாங்கி வருவேன். மாவடு இல்லைதான், ஆனால் தயிர்சாதத்துக்கு ஈடு கொடுக்கிறது.

ஆலோராவிலிருந்து ஏ-343 சாலை. உடனே ஏற்றம். இரண்டு பக்கமும் பாதாம், ஆலிவ், இடையிடையே பாறை. வாயே தெ அப்தலாஹீஸ் வரும். அப்துல் அஜீஸ் என்ற பெயர் தேய்ந்து அப்படி ஆயிற்று என்பார்கள். செங்குத்துப் பாறைச் சுவரின் அடியில் வெள்ளை வீடுகள், மேலே பாராகிளைடர்கள் கழுகுகளோடு சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே நின்று சாப்பிடு, ஏனென்றால் அடுத்து வருவது இன்னொரு ஏற்றம். அதன் உச்சியைத் தாண்டியதும் அந்தெகேரா சமவெளி கண்முன் விரியும். ஒரே விதமான பச்சை இல்லை அது: பூண்டு, வெங்காயம், உருளைக்கிழங்கு, ஆஸ்பராகஸ், தூரத்தில் ஆலிவ் வரிசைகள் சீப்பால் வாரியதுபோல். சமவெளிக்கு நடுவே மனித முகம் ஒன்று வானம் பார்த்துப் படுத்திருப்பது போல ஒரு மலை. பென்யா தெ லோஸ் எனமொராதோஸ், காதலர் பாறை. முஸ்லிம் பெண்ணும் கிறிஸ்தவ இளைஞனும் அதிலிருந்து குதித்தார்கள் என்று கதை. எனக்குக் கதையைவிட மெங்கா கல்லறைதான் பெரிது. ஊர் எல்லையில் 5,500 ஆண்டுக்கு மேல் பழமையான கற்காலக் கல்லறை, மூடுகல் ஒன்றே நூறு டன்னுக்கு மேல். இப்படிப்பட்டவை பெரும்பாலும் சூரியோதயத்தைப் பார்த்து நிற்கும், மெங்கா அந்தப் பாறை முகத்தைப் பார்த்து நிற்கிறது. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சைக்கிள் செருப்போடு உள்ளே போய் நின்று பார், குளிர்ச்சி முதுகில் ஏறும்.

ஆலோரா நிலையத்திலிருந்து அந்தெகேரா 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திரும்ப வந்த வழியே இறங்கிவிடு. கால் பழகியபின் கிழக்கே அர்ச்சிதோனா வரை நீட்டலாம். அங்கே 1780களில் கட்டிய எட்டுக்கோணச் சதுக்கம் இருக்கிறது, நடுவில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சாறு குடிக்க அதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. ஏறவே பிடிக்காத நாளில் ஃபுவென்தே தெ பியெத்ரா உப்பு ஏரியைச் சுற்றியுள்ள தட்டைச் சாலைகள். மழை பெய்த ஆண்டில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில், பெய்யாத ஆண்டில் வெறும் வெள்ளை உப்பு. எல் தோர்கால் பாறைக்காட்டு ஏற்றத்தை இப்போதைக்கு விடு. கோத்தகிரி ஏறியவள் என்று எழுதியிருந்தாய், இருந்தாலும் விடு.

சைவம். இதில்தான் நீ ஏமாறுவாய். ‘சோய் வெஹெதாரியானா’ என்று சொன்னால் சிரித்தபடி தலையாட்டிவிட்டு டூனா மீன் போட்ட சாலட் கொண்டுவந்து வைப்பார்கள். மீனும் ஹாமும் (உப்பிட்ட பன்றித்தொடை) இவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை போலும். போர்ரா என்ற அந்தெகேராவின் தக்காளிக் கெட்டிக் குழம்பு அருமையானது, ஆனால் மேலே தூவுவது ஹாம், டூனா, முட்டை. ‘சின் ஹமோன், நி அதூன், நி உவேவோ’ என்று மூன்றையும் பெயர் சொல்லி விலக்கு. காலைக்குக் கவலையே இல்லை: மொயேத்தே என்ற மெத்தென்ற வட்ட ரொட்டியைச் சுட்டு, அரைத்த தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். மதியத்துக்குக் கத்தரிக்காய் வறுவல் மேல் கருப்பம்பாகு விட்டது கேள், ‘பெரென்ஹேனாஸ் கோன் மியெல் தே கான்யா’. தேன் என்று பெயர், உண்மையில் கரும்புப்பாகு. மாலகாக் கடற்கரையில் கரும்பு பயிரிட்ட காலத்து மிச்சம். சமையலறை நான்கு மணிக்கு மூடும், அதற்குப் பின் எட்டரை வரை உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டுதான்.

‘பார்’ என்ற பெயரைப் பார்த்து ஒதுங்காதே. ஊர்ப் பார் நம் டீக்கடை மாதிரி. காலையில் பாட்டிகளும் வருவார்கள், பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். உள்ளே நுழையும்போது யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் ‘புவேனாஸ்’ என்று ஒரு சொல், கிளம்பும்போது ‘அஸ்தா லுவேகோ’. சொல்லாமல் நுழைந்தால் நீ வெளியாள், சொன்னால் வழிப்போக்கி. மொழியில் முதல் ஆண்டுக்கு இவ்வளவும் எண்களும் போதும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் வெறித்துப் பார்ப்பார்கள், நம் நிறத்துக்காகவும் பார்ப்பார்கள், பெண் தனியாக வந்ததற்காகவும் பார்ப்பார்கள். எந்த ஊர் என்று கேட்டு, இந்தியா என்றால், ‘ஆ, இந்து!’ என்பார்கள். மதத்தைச் சொல்லவில்லை, இவர்கள் பேச்சில் இந்தியருக்கு அதுதான் பெயர். எங்கள் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ மலையாளியும் இந்து. குடியிருப்பு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள், இத்தனை ஆண்டில் இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள்.

‘சோலா?’ என்று எந்த ஊரிலும் ஒரு அம்மாள் கேட்டே தீருவார். தனியாகவா? நான் புதுக்கோட்டைக்காரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது என் அம்மாவும் கற்றார், அவரிடமும் தெருவில் இதையேதான் கேட்டார்கள். கேட்கட்டும். ஆனால் தனியாகப் போனால் வழியை யாருக்காவது அனுப்பிவிட்டுப் போ. மலை மடிப்புகளில் போன் எடுக்காது. கூட்டம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊரிலும் ‘பென்யா சிக்லிஸ்தா’, அதாவது சைக்கிள் குழு, இருக்கிறது, ஞாயிறு காலை ஒரு பார் வாசலில் கூடுவார்கள். பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள், ஏற்றத்தில் உன்னை விட்டுவிட்டுப் போவார்கள், உச்சியில் காத்திருப்பார்கள்.

சைக்கிளைப் பற்றி ஒன்றே ஒன்று. 28 மி.மீ.க்குக் குறைந்த டயர் வேண்டாம், இரண்டு டியூப் எடுத்துக்கொள். கோடை கடந்ததும் சாலையோரம் முழுக்க நெருஞ்சி. ஆமாம், அதே நம் நெருஞ்சிதான், இங்கே ‘அப்ரோஹோ’ என்பார்கள். மஞ்சள் பூவைப் பார்த்ததும் ஓரத்தை விட்டு உள்ளே வந்துவிடு.

பூட்டு கேட்டாய். வாயே தெ அப்தலாஹீஸில் பார் ஜன்னலில் சாய்த்துவிட்டு உள்ளே போவேன், நான் பார்க்காவிட்டாலும் தாத்தாக்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தெகேராவில் ஒரு பூட்டு. மாலகாவில் இரண்டு, அப்போதும் மாடிக்குத் தூக்கிப் போ.