கோயிலும் இடுகாடும் வரைபடத்தில் ஏறட்டும்

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டம் கைமாறப் போகிறதாம். கோயில், இடுகாடு, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் மூன்று தலைமுறையாகக் கறிகாய் போட்ட நிலம், இவற்றை நாங்களே வரைபடமாக வரைந்தால் செல்லுமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சகோதரி, வரைபடத்தால் மட்டும் பட்டா கிடைக்காது. எல்லையை முறையாக அளப்பது அளவைத் துறையோ உரிமம் பெற்ற நில அளவையாளரோதான். ஆனாலும் வரையுங்கள், இப்போதே வரையுங்கள். சரவாக் மாநிலத்தில் ருமா நோர் என்ற ஊரின் இபான் பழங்குடி மக்கள் தங்கள் ஊர் வரைபடத்தையும் ஆதாரமாக வைத்து 2001இல் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது, அவர்களுக்குள்ள மரபு நில உரிமை தோட்ட மக்களுக்கு இல்லை, இரண்டும் உண்மைதான். ஆனால் எது எங்கே இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், லயத்தை இடித்த பிறகு பேசுவதற்கு நம் கையில் ஒன்றுமே இருக்காது.

பால் வெட்டிய பாட்டிகளையும் பழைய மண்டோரையும் (மேற்பார்வையாளரையும்) கூட்டிக்கொண்டு தீம்பார் தீம்பாராக, அதாவது தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியாக நடங்கள். போனில் எடுக்கும் ஜிபிஎஸ் புள்ளி சில மீட்டர் பிசகும், அதனால் பாலம், கால்வாய் என்று அசையாத அடையாளத்தையும் சேர்த்துக் குறியுங்கள். கல்லறைகளில் பொறித்த ஆண்டுகளைப் படமெடுங்கள், அதைவிட வலுவான சாட்சி கிடைப்பது கஷ்டம். ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போகாத இடத்தை மறைக்காமல் அப்படியே காட்டுங்கள். அப்புறம், ஒரு பிரதியை நில அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சாப்பு (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள்.