முதல் நாளே நடந்து ஊர் சுற்றலாமா? லிஸ்பனில் நான் வழுக்கி விழுந்த கதை

கேள்வி: "மனைவியோடு முதல்முறை ஐரோப்பா போகிறேன். இறங்கிய முதல் நாள் நடந்தே ஊரைப் பார்க்க முடியுமா, இல்லை டூர் பஸ்ஸில் ஏறிவிடுவது நல்லதா?"

நடங்கள். ஆனால் காலில் என்ன போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

கிண்டல் இல்லை. கேள்வியைப் படித்தால் உங்களுக்கும் ஐம்பதை ஒட்டிய வயதுதான் இருக்கும் என்று படுகிறது. பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு "அப்பா, உங்களால நடக்க முடியாது, பஸ் எடுத்துக்குங்க" என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திருச்சியில் சின்ன வயதிலிருந்து மலைக்கோட்டைப் படி ஏறிய கால், எனக்கா நடக்கச் சொல்லித்தர வேண்டும் என்று கிளம்பினேன். 2023 அக்டோபர், எனக்கு 58, என் மனைவிக்கு 53, ஊர் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன். பாரிஸ் போகாமல் லிஸ்பனா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான், மகன் அங்கே வேலையாகப் போயிருந்தான், விடுதிச் செலவு அவனுடையது. பீற்றிக்கொள்கிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

காலையில் அவன் வேலைக்குப் போய்விட்டான், நாங்கள் ரோசியோ சதுக்கத்தில் இறங்கினோம். அங்கே தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கல் பதித்து அலை அலையாகக் கோலம் போட்டிருக்கிறார்கள். தரை சமம்தான், ஆனால் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் தடுமாறும். "என்னங்க, கப்பல்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அங்கிருந்து ருவா அகுஸ்டா என்ற தெரு, வண்டிகள் கிடையாது, நேராகப் போய் ஒரு பெரிய வளைவில் நுழைந்தால் தேஜோ ஆறு. கடல் என்றே நினைத்தோம், அத்தனை அகலம்.

இந்தப் பகுதியில் தெருவெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1755 நவம்பர் 1, கிறிஸ்தவர்களுக்குத் திருநாள், காலையில் சனங்கள் கோயிலில் இருந்த நேரம் பார்த்து நிலநடுக்கம், பின்னாலேயே ஆழிப்பேரலை, அப்புறம் நாள்கணக்கில் தீ. பாதி ஊர் போய்விட்டது. பொம்பால் என்ற அமைச்சர் இடிபாட்டை வாரிக் கொட்டிவிட்டு நேர்நேர் தெருவாகக் கட்டினார். அடுத்து ஆடினாலும் கட்டடம் நிற்க வேண்டும் என்று சுவருக்குள்ளே மரச்சட்டத்தில் கூண்டு மாதிரி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் தெரியாது.

எனவே அந்தப் பகுதி மட்டும் தட்டை. மற்றதெல்லாம் மேடு. முதல் நாள் திட்டம் போடும்போது நீங்கள் வரைபடத்தைப் பார்த்து "அட, 400 மீட்டர்தானே" என்பீர்கள், அந்த 400 மீட்டர் செங்குத்தாக இருக்கும்.

1902ல் கட்டிய ஓர் இரும்பு லிஃப்ட் உண்டு, சாந்தா ஜுஸ்தா என்று பேர், 45 மீட்டர் உயரம். கீழே வரிசை அனுமார் வால் மாதிரி நின்றது. "ஷியாடோ பக்கத் தெரு வழியா ஏறிட்டா அதே இடம்தான், வா" என்று நான் முன்னே நடந்தேன். ஏறி முடித்தால் கார்மோ தேவாலயம். நிலநடுக்கத்தில் கூரை விழுந்ததை மறுபடி போடாமலே விட்டுவிட்டார்கள், வளைவுகள் மட்டும் எலும்புக்கூடு மாதிரி வானத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க வந்து சேர்ந்தவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா உங்க முதுகைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன். இங்க வந்தும் அதேதானா?"

நான் வேகமாக நடப்பவன், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. ஆணாதிக்கம் அது இது என்று யாரும் எழுத வேண்டாம். ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை என்பது உண்மை.

கீழே இறங்கி எதிர்ப்பக்கக் குன்றுக்கு, கோட்டைப் பக்கம் ஏற வேண்டும். இந்த முறை அவள் முன்னால். நான் போனில் வழி தேடிக்கொண்டிருக்க, காய்கறிப் பையோடு ஒரு பாட்டி ருவா டோஸ் ஃபான்கெய்ரோஸ் தெருவில் ஏதோ ஒரு கட்டடத்துக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு இவளும் பின்னாலேயே போய்விட்டாள். அடுத்தவர் வீட்டுக்குள் போகிறாளே என்று பதறிப்போய் ஓடினால், உள்ளே லிஃப்ட்! ஊர்க்காரர்கள் மேட்டுக்கு ஏற நகராட்சி வைத்தது, கட்டணமே கிடையாது. "அந்தம்மா வயசுக்குப் பையைத் தூக்கிட்டு மலையேறுவாங்களா, யோசிச்சேன்" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்கு விசா விண்ணப்பத்தில் தொழில் "இல்லை" என்று போடச் சொன்னார்கள். இருபத்தைந்து வருடம் வீட்டில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் எடுத்தவள். ரசீது இருக்கிறதா, வருமானச் சான்று இருக்கிறதா என்று கவுன்டரில் இருந்த பையன் கேட்க, சில்லறையாக வாங்கிய ஃபீஸுக்கு எவன் ரசீது போட்டான்? கடைசியில் கணவனைச் சார்ந்தவர் என்று எழுதினோம். இன்றைக்கும் எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், சரி, விடுங்கள்.

மேலே போர்டாஸ் டோ சோல் என்ற இடத்தில் நின்றால் அல்ஃபாமா என்ற பழைய குடியிருப்பின் ஓட்டுக்கூரைகள் ஆறு வரைக்கும் சரிந்து இறங்குவது தெரியும். அங்கே பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். கேட்காமலே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் கொண்டுவந்து வைத்தார்கள். நம் ஊரில் இலையில் ஊறுகாய் வைப்பதுபோல என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டோம், பில்லில் வந்துவிட்டது. ஏமாற்று இல்லை, அங்கே வழக்கமே அதுதான். வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இறங்கும்போது தூறல். அந்தச் சின்னக் கல் தரை, சுண்ணாம்புக் கல், எத்தனையோ தலைமுறைக் கால் பட்டு வழவழத்துக் கிடப்பது, நனைந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய மொசைக்தான். நான் போட்டிருந்தது ஆபீஸ் தோல் ஷூ. கான்வாஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவள் ஊரிலேயே பத்து தடவை சொன்னாள். நான்கு படி சறுக்கி உட்கார்ந்தேன். மேலே ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஏதோ கத்தினாள், இவள் ஓடி வந்து தூக்கினாள், சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். அங்கிருந்து விடுதி வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். அன்றைக்கு மொத்தம் 11 கிலோமீட்டர் என்று போன் காட்டியது, பஸ் ஏறவே இல்லை.

விடுதியில் அறைச் சாவி கேட்கத் திணறினேன். இவள் சும்மா "சாவி" என்றாள், அந்தப் பையன் எடுத்துக் கொடுத்துவிட்டான். அவர்கள் மொழியில் அது 'ஷாவ்', நமக்கு அங்கிருந்து வந்ததுதான், ஜன்னல், மேஜை எல்லாம் அதே கதை. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் வைத்து முதன்முதலில் அச்சடித்ததும் லிஸ்பனில்தான், 1554ல். 1578ல் கொல்லத்தில் அச்சான புத்தகம்தானே முதல் என்று யாராவது வருவீர்கள், அது தமிழ் எழுத்தில் அச்சானது, இரண்டும் வேறு.

ஆக, நீங்கள் போகும் ஊர் எதுவோ தெரியாது, ரப்பர் அடி ஷூ போட்டுக்கொண்டு நடங்கள். மேட்டை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். டூர் பஸ்ஸை மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் என் முழங்கால் வீங்கிவிட்டது. அவள் தனியாகவே கோட்டைக்குப் போனாள். மதியம் திரும்பியவள் கையில் முட்டைக் கஸ்டர்டு வைத்த நாட்டா இரண்டு வாங்கி, ஒன்றை வழியிலேயே தின்றுவிட்டு வந்திருந்தாள். கோட்டை எப்படி என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. மயில் திரியுதுங்க, விராலிமலை மாதிரி."