பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா? கர்ப்பிணி வாசகியர் கேள்விகளும் மருத்துவர்களின் பதில்களும்

கேள்வி: வயது 33. கேரள எல்லையில் ஆரியங்காவில் குடியிருக்கிறோம். மூன்று வருஷமாகப் பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40 சாப்பிடுகிறேன். இப்போது 7 வாரம். “பிள்ளை வயிற்றில் இருக்கும்போது எந்த மாத்திரையும் ஆகாது, நிறுத்திவிடு” என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?

பதில்: மாமியார் சொல்வதில் பாதி சரி. டெல்மிசார்ட்டன் ஆகாது, லோசார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரிலும் ஆகாது. நான்காம் மாதத்துக்கு மேல் இவை சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுத்து, பனிக்குட நீரை வற்ற வைக்கும். அதற்காக வேறு மருந்து இல்லாமல் சும்மா நிறுத்தினால் பிரஷர் ஏறிவிடும். நிறுத்துவதும் மாற்றுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை சாப்பிட்டதற்குப் பயந்து கருவைக் கலைக்க வேண்டியதில்லை. ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கும்போது இந்த மாத்திரை சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள்.

மாற்றாகத் தருவது பெரும்பாலும் லேபெட்டலால், மெதுவாகக் கரையும் நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகிய மூன்றில் ஒன்று. வீசிங் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். லேபெட்டலால் தர மாட்டார்கள். மெதுவாகக் கரையும் அந்த நிஃபெடிபின் (‘ரிடார்ட்’) மாத்திரையை உடைக்காமல், கடிக்காமல் அப்படியே விழுங்க வேண்டும். பொடித்தால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கி, பிரஷர் சடாரென விழுந்து, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும்.

பிரஷரை 140/90-க்குக் கீழே வைத்திருப்பதுதான் இலக்கு. “லேசான பிரஷர்தானே, பிரசவம் வரை பார்க்கலாம்” என்று விடுவது பழைய வழக்கம். அமெரிக்காவில் 2,400-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. மருந்து எடுத்தவர்களுக்குக் கடுமையான பிரி-எக்லாம்ப்சியாவும் (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி சிறுநீரகம், கல்லீரல் போன்றவற்றைப் பாதிக்கும் நோய்) குறைமாதப் பிரசவமும் குறைந்தன. குழந்தையின் வளர்ச்சியும் பின்தங்கவில்லை.

12 வாரம் முடிந்ததும், பிரி-எக்லாம்ப்சியாவைத் தடுக்க உதவும் ஆஸ்பிரின் பற்றி நீங்களே கேளுங்கள். 75 முதல் 150 மி.கி. வரை, இரவில். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு), கல்லீரல் பரிசோதனைகளை இப்போதே செய்துவிடுங்கள். எட்டாம் மாதம் புரதம் தென்பட்டால், அது பழையதா புதியதா என்று சொல்ல இந்த அறிக்கைதான் கைகொடுக்கும்.

கேள்வி: கேரளத்தில் புனலூர் ஆஸ்பத்திரியில் காட்டுகிறேன். ஐந்தாம் மாதம், பிரஷர் 116/74. சரியாகிவிட்டதுதானே? ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் செங்கோட்டை அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

பதில்: சரியாகவில்லை. கர்ப்பத்தின் நடுவில் ரத்தக்குழாய்கள் தளர்வதால் பெரும்பாலோருக்குப் பிரஷர் இறங்கும். 28 வாரத்துக்கு மேல் மறுபடி ஏறும். அளவைக் குறைப்பதென்றால் மருத்துவர் குறைக்கட்டும். நீங்கள் ஊர் மாறுவதும் பிரஷர் ஏறத் தொடங்குவதும் ஒரே சமயம் என்பதுதான் எங்கள் கவலை.

மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மருந்து வேறு வேறு பெயரில் கிடைக்கும். அங்கே தந்ததையும் இங்கே தந்ததையும் சேர்த்து விழுங்கி, தலைசுற்றி விழுபவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். கடைசி அட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். கூடவே முதல் ஸ்கேன், புனலூர் சீட்டு, பிரஷர் எழுதிய நோட்டு. பிரசவத்தை 37-39 வாரத்துக்குள் முடிப்பது வழக்கம் என்பதால், நாள் கணக்குக்கு முதல் ஸ்கேன்தான் ஆதாரம். வந்த வாரமே கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள். 28 வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேன் வேண்டும். ரத்த வங்கியும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள மருத்துவமனையாகப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வளைகாப்புக் கூட்டத்தில் அன்றைய மாத்திரை விட்டுப்போகாமல் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: வீட்டு மிஷினில் 150, ஆஸ்பத்திரியில் 134. எதை நம்புவது?

பதில்: முதலில் கையின் சுற்றளவை அளந்து பாருங்கள். மேற்கை 32 செ.மீ.-க்கு மேல் இருந்தால் பெரிய பட்டை வேண்டும். சின்னப் பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். காபி குடித்து அரை மணி கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். பட்டை நெஞ்சின் மட்டத்தில், வெறும் கையில் இருக்க வேண்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். அடுத்த செக்கப்புக்கு மிஷினையும் எடுத்துப் போய் அங்கே ஒப்பிடுங்கள்.

160/110 காட்டினால் 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். கேரளத்திலும் அதே எண். விடாத தலைவலி, கண்ணில் மின்னுதல், மூச்சுத்திணறல், திடீர் முகவீக்கம், குழந்தை அசைவு குறைதல் என்றால் பிரஷர் எண்ணையே பார்க்க வேண்டாம், கிளம்புங்கள். வலப்பக்க விலாவுக்குக் கீழே வரும் வலியை ‘கேஸ்’ என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அது கல்லீரல் வலியாக இருக்கலாம்.

கேள்வி: உப்பை அறவே விட வேண்டுமா? இந்துப்பு நல்லதாமே?

பதில்: அறவே வேண்டாம். நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள் இருக்கட்டும். இந்துப்பும் சோடியம்தான். கப்பைக்கு (மரவள்ளிக்கிழங்கு) கருவாட்டுக் குழம்பு, கஞ்சிக்கு ஊறுகாய், அப்பளம், இவற்றில்தான் கணக்கு தப்புகிறது. இருமலுக்கு அதிமதுரம் சப்பாதீர்கள். அது பிரஷரை ஏற்றும். கடையில் கேட்டு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரையும் அப்படித்தான்.

கேள்வி: பிரசவம் ஆனதும் பிரஷர் தானாக இறங்கிவிடுமா?

பதில்: பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பெரும்பாலும் அதிகம் ஏறும், பலர் வீடு திரும்பும் நேரம் அது. பிரஷர் ஏறுவதால் வரும் வலிப்பு அப்போதும் வரலாம். பத்தியத்தின் பேரில் மாத்திரையை விடாதீர்கள். மெத்தில்டோபா மனச்சோர்வைக் கூட்டக்கூடும் என்பதால் மாற்றிவிடுவார்கள். கர்ப்பத்தில் ஆகாத எனலாப்ரிலை மருத்துவர் சொன்னால் தாய்ப்பால் கொடுக்கும்போது சாப்பிடலாம். பாலில் மிகக் குறைவாகவே சேரும். வீட்டுக்குப் போன முதல் வாரம் தினமும் பிரஷர் பார்த்து எழுதுங்கள்.