பிள்ளைகள் ஓடினால் நாய் ஏன் கத்துகிறது?

எங்கள் 14 மாத பார்டர் கோலி மற்ற நேரம் பரம சாது. மொட்டை மாடியில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்தால் மட்டும் விடாமல் குரைக்கிறது.
– வாசகி, கோவை

ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எல்லைப் பகுதியில் ஆடு மேய்ப்பதற்காக உருவான இனம் இது. மேய்ச்சலில் பெரும்பாலும் குரைக்காது. பதுங்கி வந்து, கண்ணாலேயே முறைத்து ஆட்டை நகர்த்தும். அப்படிப்பட்ட நாய் கத்துகிறது என்றால் மந்தை கைமீறிப் போகிறது என்று அர்த்தம். ஆடாவது ஓரிடத்தில் சேரும். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் தெறிப்பார்கள், கூச்சல் வேறு. (அடுக்குமாடி வீட்டுக்கு இந்த இனத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. வாங்கியாயிற்று, இனி அதைப் பேசி என்ன?)

கத்த ஆரம்பித்த நாய்க்கு எதுவும் காதில் ஏறாது. அதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். கயிற்றில் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்தும் அமைதியாக இருக்கிற தூரத்தில் நில்லுங்கள். ஒரே ஒரு பிள்ளை நடக்கட்டும். நாய் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பியதும் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். நடைக்குப் பழகிய பிறகு மெதுவான ஓட்டம், அப்புறம் இரண்டு பிள்ளைகள், கடைசியில்தான் பந்து. உடம்பு விறைத்து, தலை தாழ்ந்து, பார்வை நிலைகுத்தினால் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள், பின்னால் போங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும்.

பயிற்சி இல்லாத நேரத்தில் பிள்ளைகள் விளையாடினால், நாய் உள்ளறையில் கடிப்பதற்கு எதையாவது வைத்துக்கொண்டு இருக்கட்டும். கம்பிக் கதவுக்குப் பின்னால் கட்டிவைத்து வேடிக்கை பார்க்கவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிறது, போக முடியவில்லை என்ற தவிப்பே குரைப்பை வளர்த்துவிடும்.

தினமும் ஒரு மணி நேரம் பந்து எறிந்து களைப்பாக்குகிறோம். ஆனாலும் அடங்கவில்லையே?
– வாசகர், சென்னை

பந்தைத் துரத்துவதும் பிள்ளையைத் துரத்துவதும் அதற்கு ஒன்றுதான். நீங்கள் தினமும் ஒத்திகை நடத்துகிறீர்கள். பந்தைக் குறையுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் மோந்து மோந்து நடக்கவிடுங்கள், சாப்பாட்டை வீட்டுக்குள் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். பகலில் தூங்க ஆள் நடமாட்டம் இல்லாத மூலை ஒன்றும் வேண்டும்.

எங்கள் கோர்கி குரைத்தபடியே பையனின் குதிகாலைக் கவ்வுகிறது. விளையாட்டுதானே?
– வாசகி, மதுரை

வேல்ஸ் நாட்டில் மாடுகளின் குதிகாலைக் கவ்வி ஓட்டுவதுதான் கோர்கியின் தொழில். அதற்கு விளையாட்டு, பையனுக்கு ஆபத்து. நாய் துரத்தினால் அலறாமல், கையைக் கட்டி, தரையைப் பார்த்து அப்படியே நிற்கப் பழக்குங்கள். ஓடாத மாட்டைத் துரத்துவதில் அதற்குச் சுவாரசியம் இல்லை. பெரியவர் பக்கத்தில் இல்லாதபோது இரண்டு பேரையும் சேர்த்து விடவே வேண்டாம். பல் பட்டுத் தோல் கீறினால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

குரைத்தால் ஷாக் அடிக்கும் பட்டை வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

வேண்டாம். பிள்ளை ஓடும்போதெல்லாம் கழுத்தில் வலித்தால், வலிக்குக் காரணம் பிள்ளைதான் என்று நாய் முடிவு கட்டிவிடலாம். குரைப்பு அடங்கினாலும் அந்தக் கோபம் உள்ளே இருக்கும். நாளைக்கு எச்சரிக்காமலே கடிக்கலாம்.

9 வயது ஜெர்மன் ஷெப்பர்ட். இத்தனை வருஷம் இல்லாமல், இப்போது பேரப்பிள்ளைகள் கிட்டே வந்தாலே குரைக்கிறது.
– வாசகர், திருச்சி

பயிற்சியாளரை அப்புறம் பார்க்கலாம், முதலில் கால்நடை மருத்துவர். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். மேலே விழுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் ‘தள்ளிப் போ’ என்று கத்தலாம். காது மந்தமாகியும் இருக்கலாம். எழுந்திருக்கத் தடுமாறுகிறதா, படி ஏறத் தயங்குகிறதா என்று கவனித்து, முடிந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குள் வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் ஐபுபுரூஃபன் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.